உஷார்! “எல்லாம் பண்ணிப்போடலாங்க” என்று சொல்லும் பட்டறை

மாலை ஐந்தரை மணி. கோத்தகிரிக்குக் கீழே நண்பரின் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை. முதல் அரை கிலோமீட்டர் மண் ரோடு, அதற்கப்புறம் சிமென்ட் போட்ட செங்குத்து ஏற்றம். மழை தூறியிருந்ததால் கீழேயே ஜிப்ஸியை ஃபோர் வீலில் போட்டுவிட்டேன். மண்ணில் ஒன்றும் தெரியவில்லை. சிமென்ட்டில் ஏறியதும் ஸ்டீயரிங் கல்லாகிப்போனது. டயர்கள் கிறீச்சிட்டுத் தேய்ந்தன. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி முன்னே போகாமல் உடம்பைக் குலுக்கியது. ஃபோர் வீலை எடுத்துவிடலாம் என்று குட்டிக் கியரை இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அடியில் ‘டங்’ என்று ஒரே ஒரு சத்தம். அதன்பின் எஞ்சின் ஓடியது, கியர் விழுந்தது, கிளட்ச் பிடித்தது. வண்டி மட்டும் பின்னோக்கி உருள ஆரம்பித்தது.

காலை பிரேக்கில் ஊன்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, மகன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். வலது பக்கம் முப்பதடிப் பள்ளம். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது.

உடைந்தது டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. காரணம், மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பட்டறை பின் ஹவுசிங்கில் மட்டும் கிரவுன் பினியனை (ஆக்ஸில் நடுவிலிருக்கும் பல் ஜோடியை) மாற்றிவிட்டு, முன் ஹவுசிங்கைத் தொடாமல் விட்டது. அந்தப் பட்டறையைத் தேடிப் போய்ப் பணத்தைக் கொடுத்தவன் நான். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து என்னைப் போல் ஏமாறாதீர்கள். கிளட்ச், கியர் பாக்ஸ், ஹவுசிங், ஆக்ஸில் என்று எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எதையாவது “அப்கிரேட்” செய்யும் யோசனை இருந்தால், வண்டியை எவர் கையில் கொடுக்கிறீர்கள் என்பதில் உஷாராக இருங்கள். எஞ்சினில் தப்பு செய்தால் அது அன்றைக்கே புகையும், கத்தும். இந்த நடுவாந்தர வேலை அப்படியில்லை. தப்பாகக் கோத்தாலும் மாதக்கணக்கில் சாதுவாக ஓடும். பட்டறைக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்து, பில்லும் தொலைந்துபோன பிறகுதான், ஏதோ ஒரு ஏற்றத்தில் வைத்து உடையும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜிப்ஸிக்கு 205/70 ஆர்15 டயர்தான் அளவு. பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று 235/75 ஆர்15 மாட்டினேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர், புதியது 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிது. அதாவது ஒவ்வொரு கியரும் 10 சதவீதம் நீண்டுவிட்டது. மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கியது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-ல் போய்க்கொண்டிருந்தது. இதற்குச் சரியான வைத்தியம், இழந்த 10 சதவீதத்தை ஹவுசிங்கில் பல் விகிதத்தை மாற்றி மீட்பது. இந்த அளவுக்கு நான் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். அரைகுறைப் படிப்பு என்று இப்போது சொல்லலாம்.

கோவையில் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். வாசலில் தூக்கி நிறுத்திய ஜீப்புகள், சுவரெல்லாம் ஸ்டிக்கர், ஏசி போட்ட ஒரு வரவேற்பறை. முதலாளி இளைஞர், நல்ல பேச்சு.

“பின்னாடி எல்எஸ்டி போட்டுடலாங்களா?” என்றேன். ஒரு சக்கரம் வழுக்கும்போது மற்றதுக்கும் விசை போக வைக்கும் டிஃபரன்ஷியல் அது.

“போட்டர்லாங்க.”

“கிரவுன் பினியன் விகிதம் மாத்தணும்.”

“அதையும் பண்ணிப்போடலாங்க. கிளட்ச்சும் ஹெவி டியூட்டி போட்டர்லாம். எல்லாம் பண்ணிப்போடலாங்க.”

இந்த இடத்தில்தான் எனக்கு மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். ஒரு கேள்விகூட அவர் என்னைக் கேட்கவில்லை. வண்டியை எங்கே ஓட்டுகிறீர்கள், எவ்வளவு சுமை ஏற்றுகிறீர்கள், இப்போது என்ன விகிதம் இருக்கிறது, ஃபோர் வீல் எப்போதெல்லாம் போடுகிறீர்கள், எதுவும் இல்லை. வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. 65 ஆயிரம் என்றார், 40 ஆயிரம் முன்பணம் என்றார், பத்து நாளில் வண்டியைக் கொடுத்தார். டூ வீலில் ஓட்டியவரை வண்டி பறந்தது. நண்பர்கள் நான்கு பேரிடம் அந்தப் பட்டறையைச் சிபாரிசு வேறு செய்தேன். அந்தப் பாவம் தனி.

அந்த ஏற்றத்தில் நடந்தது இதுதான்: ஃபோர் வீல் போட்டால் ஜிப்ஸி மாதிரி வண்டியில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். பின் ஹவுசிங் விகிதத்தை மட்டும் 10 சதவீதம் மாற்றினால், பின் சக்கரம் 10 மீட்டர் உருளும் நேரத்தில் முன் சக்கரம் 11 மீட்டர் உருளப் பார்க்கும். ஈரமண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். சிமென்ட்டில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஏறிக்கொண்டே போகும். முறுக்கேறிய பல்லிலிருந்து கியரை உருவ முடியாது, அதனால்தான் லிவர் வரவில்லை. கடைசியில் இருப்பதிலேயே நோஞ்சான் எதுவோ அது போகும்.

இது ஒன்றும் ரகசிய வித்தையில்லை. ஃபோர் வீல் வண்டியில் ஒரு ஹவுசிங்கைத் தொட்டால் இன்னொன்றையும் அதே விகிதத்துக்கு மாற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அந்தப் பட்டறைக்கு அது தெரியாதா, தெரிந்தும் செலவு கூடினால் நான் ஓடிவிடுவேன் என்று மறைத்தார்களா என்று கேட்டேன். “நீங்க பின்னாடிதானுங்க கேட்டீங்க” என்றார்கள்.

உங்கள் வண்டியில் இந்தத் தப்பு நடந்திருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டு, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். தூக்கிய சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நான்கு சுற்றும் கொஞ்சமும் என்றால் நான்கு சொச்சம். இதே சோதனையை முன்னாலும் செய்யுங்கள், ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் லாக் போட்டுவிட்டு. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் எல்எஸ்டி அல்லது லாக்கர் போட்டிருந்தால் இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, ஒரு சுற்று சுற்றினால் போதும். கால் மணி நேர வேலை. இந்தக் கால் மணி நேரத்தை நான் செலவழித்திருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிழைத்திருக்கும்.

உடைந்த வண்டியை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து, இரண்டு வாரம் அலைந்து, பொள்ளாச்சி ரோட்டுக்கு உள்ளே ஒரு தகரக் கொட்டகையில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். அரசுப் பேருந்துப் பணிமனையில் ஹவுசிங் வேலையே பார்த்து ஓய்வு பெற்றவர். போர்டு கிடையாது. ஏசி கிடையாது. இரும்பு பீரோ ஒன்று இருந்தது, அதற்குப் பூட்டு இருந்தது. அளவுக் கருவிகளை அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

“ஏனுங் தம்பி, வண்டிய எங்க ஓட்டறீங்க?” என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அடுத்த அரை மணி நேரமும் அவர் கேட்டார், நான் சொன்னேன். முடிவில், “டயர மறுபடி சின்னதாப் போட்டுட்டு பழைய பல்லே வெச்சுக்கலாமே, எதுக்கு இவ்வளவு செலவு?” என்றார். வருகிற வேலையைத் தட்டிக் கழிக்கிற மெக்கானிக்கை அன்றுதான் பார்த்தேன்.

நான் பிடிவாதம் பிடித்த பிறகு வேலையை எடுத்துக்கொண்டார். முதலில் அந்தப் பட்டறை கோத்த பின் ஹவுசிங்கைத் திறந்தார். எனக்குக் காட்டுவதற்காகவே கிரவுன் பல்லில் ஏழெட்டுக்கு நீலச் சாயம் தடவி, இரண்டு பக்கமும் கையால் சுற்றினார். பினியன் பல் அழுத்திய இடத்தில் சாயம் விலகி இரும்பு தெரியும். அந்தத் தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழுந்திருக்க வேண்டும். என் வண்டியில் அது பல்லின் உச்சியில், ஓரமாக, நகக்கீறல் மாதிரி விழுந்திருந்தது. “மேல மேலயே கடிக்குது பாருங்க. பினியன் உள்ள எறங்கல. ஷிம் அளவு பாக்காமயே மூடியிருக்கறானுங்க” என்றார். ஷிம் என்பது இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு. புதுப் பல். அதற்குள் விளிம்பு நீலம் பாரித்து வெந்துபோயிருந்தது. இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ஃபோர் வீல் போடாமலே பல் உதிர்ந்திருக்கும் என்றார்.

பிறகு அவர் கோத்த விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஒரு ஹவுசிங்கை ஒழுங்காகக் கோப்பது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவர்களால்தான் ஒழுங்கில்லாததை அடையாளம் காண முடியும். பினியனுக்குப் பின்னால் பழைய ஷிம்மைக் கழற்றி மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுதினார். பேரிங்கை ஏற்றி, சாயம் பார்த்து, இறக்கி, ஷிம் மாற்றி, மறுபடி ஏற்றினார். ஐந்து தடவை. பினியன் பேரிங் இறுக்கத்தைப் பார்க்க, ஃபிளாஞ்சில் நூல் சுற்றி, நூல் முனையில் மீன் தராசைக் கொக்கி போட்டு இழுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்ப்பது சர்வீஸ் மேனுவல்களிலேயே இருக்கிற முறை. ஏர் கன்னால் நட்டை ‘டர்ர்ர்’ என்று இறுக்குகிற பட்டறையில் இப்படி அளந்து பார்க்க வாய்ப்பே கிடையாது. உள்ளே இருக்கும் நசுங்கு ஸ்லீவ் ஒரு தடவைதான் நசுங்கும். கூடுதலாக இறுக்கிவிட்டுத் திருப்பி லூஸ் பண்ணினால் தீர்ந்தது, புது ஸ்லீவ்தான் போட வேண்டும். கடைசியாகக் கிரவுன் மேல் டயல் கேஜை நிறுத்தி ஆட்டம் பார்த்தார். பெரும்பாலான கார்களுக்கு அந்த ஆட்டம் 0.10-லிருந்து 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தலைமுடி இரண்டை ஒட்டிவைத்த கனம். கையால் ஆட்டிப் பார்த்து “சரியா இருக்குங்க” என்று சொல்லக்கூடிய அளவா இது?

ஆகவே ஹவுசிங் வேலைக்குப் போகும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: “டயல் கேஜ் காட்டுங்க.” இருந்தால் எடுத்துக் காட்டுவார்கள். “அதெல்லாம் எதுக்குங்க, இருபது வருஷ அனுபவம்” என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அனுபவம் பெரிய விஷயம்தான். இருபது வருடமாகத் தப்பாகவே செய்துகொண்டிருந்தாலும் அதுவும் அனுபவக் கணக்கில்தான் சேரும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், இந்தப் பகுதியில் விசை பெருகுகிறது. எஞ்சின் கொடுக்கும் திருப்பு விசை 100 நியூட்டன் மீட்டர் என்று வையுங்கள். முதல் கியர் அதை மூன்றரை மடங்காக்கும். லோ ரேஞ்ச் போட்டால் அது இரட்டிப்பாகும். ஹவுசிங் நான்கு மடங்காக்கும். ஆக்ஸிலுக்கு வரும்போது 2800. முடி கனத்துக்கு நகர்ந்துபோன ஒரு பல் இவ்வளவையும் தன் ஓரத்தில் தாங்க வேண்டும்.

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானே இந்தத் தொல்லை என்று நினைக்காதீர்கள். என் சென்னை நண்பர் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ வைத்திருந்தார். ஆட்டோமேட்டிக், ஏழு கியர் டிஎஸ்ஜி. அந்த கியர் பாக்ஸுக்கு டிக்யூ200 என்று பெயர். உள்ளே எண்ணெயில் நனையாத இரண்டு உலர் கிளட்ச். அது தாங்கும் என்று தயாரித்தவர்கள் குறித்திருப்பது 250 நியூட்டன் மீட்டர். அந்தக் காரின் எஞ்சின் விசையும் அதே 250-ல் நிறுத்தப்பட்டிருந்தது. கம்பெனிக்கு எஞ்சினில் இன்னும் கறக்கத் தெரியாமலா? கியர் பாக்ஸ் தாங்காது என்றுதான். எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றி விசையைக் கூட்டும் ஒரு ரீமேப் கடைக்காரர் லேப்டாப்பைச் செருகி நாற்பது நிமிடத்தில் “ஸ்டேஜ் 1” ஏற்றினார். கியர் பாக்ஸ் என்ன மாடல் என்று அவர் கேட்கவே இல்லை. நண்பரும் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. ஏழாவது மாதம் அண்ணா சாலை சிக்னலில் முதல் கியர் விழும்போது வண்டி குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்க ஆரம்பித்தது. கிளட்ச் போச்சு. வாரண்டி கேட்கப் போனால் சாஃப்ட்வேர் மாற்றியிருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் கிளட்ச்சை மாட்டுவதற்கும் கண்ட பட்டறை சரிப்படாது. தனிக் கருவிகள் வேண்டும், ஷிம் அளவெடுத்துப் போட வேண்டும், மாட்டிய பிறகு கம்ப்யூட்டரில் பழக்கப்படுத்த வேண்டும். ரீமேப் செய்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை குதிரைசக்தி கூடும் என்பதில்லை. “என் கியர் பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?” என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் வரவில்லையென்றால் நகருங்கள்.

ஆயில் விஷயம் சின்னதாகத் தெரியும், கடிக்கும்போது பெரிதாகக் கடிக்கும். ஹவுசிங்குக்கு ஜிஎல்-5 தரம் வேண்டும். பழைய பாணி மேனுவல் கியர் பாக்ஸ் பலவற்றுக்கு ஜிஎல்-4. இரண்டு டப்பாவிலும் 80டபிள்யூ-90 என்றுதான் போட்டிருக்கும். ஜிஎல்-5-ல் உள்ள கந்தக, பாஸ்பரஸ் மருந்து கூடுதல், அது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். “கியர் ஆயில்தானே சார்” என்று ஒரே டப்பாவிலிருந்து இரண்டுக்கும் ஊற்றுகிற பையனைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பிளேட் வைத்த எல்எஸ்டி போட்டால் அதற்கான ஆயிலோ கலவையோ தனி.

சட்டம் பக்கமும் உஷார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், உரிமையாளருக்கு. பழைய ஜீப்பில் வேறு கம்பெனி டீசல் எஞ்சினை இறக்கி, அடாப்டர் பிளேட் வைத்து கியர் பாக்ஸோடு கோர்த்து, “பேப்பர் எல்லாம் பாத்துக்கலாங்க” என்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எஞ்சின் நம்பரும் சிசியும் ஆர்சியில் இருக்கிறது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறக்கும்போது அவர்கள் அங்கே நிற்க மாட்டார்கள். என்னுடைய டயரும் எல்எஸ்டியும்கூட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியவை. நான் சொல்லவில்லை. உடைந்ததற்கு ஒரு பைசா வராது என்று தெரிந்து கேட்கவும் போகவில்லை.

சரி, தகுதியானவரை எங்கே தேடுவது? அமெரிக்காவில் ஏஎஸ்இ என்ற அமைப்பின் தேர்வு வரிசையில் மேனுவல் கியர் பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் ஏ3 என்று தனித் தேர்வே இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி எழுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் ஐடிஐயில் மோட்டார் வெஹிகிள் மெக்கானிக் இரண்டு வருடப் படிப்பு. அது நல்ல அஸ்திவாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுவரில் சான்றிதழ் தொங்குவதைப் பார்த்து எல்எஸ்டி வேலையைக் கொடுத்துவிட முடியாது. நாம்தான் பரீட்சை வைக்க வேண்டும்.

என் அனுபவத்தில் பட்ட இடங்களைச் சொல்கிறேன். பேருந்து, லாரி ஹவுசிங் பார்த்துப் பழகியவர்கள் முதல் இடம். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழிலோடு வளர்ந்த கைகள் அவை. பல் தடம் பார்ப்பது அவர்களுக்கு ரேகை பார்ப்பது மாதிரி. ஆனால் காருக்கான அளவு வேறு, மேனுவலை நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிப் பார்க்கிறாரா, ஓரமாக வைக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். இன்னொரு இடம் ரேஸ் டிராக். 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் நடக்கிறது, கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. ரேஸ் நாளில் போய் பிட்டில் வேலை செய்கிறவர்களைப் பாருங்கள், ஓட்டுகிறவர்களிடம் விசாரியுங்கள். அங்கேயும் ஒரு எச்சரிக்கை: ரேஸ் வண்டியை ஒரு வாரக் கடைசிக்காகக் கோர்ப்பார்கள், திங்கட்கிழமை மறுபடி பிரிப்பார்கள். உங்கள் வண்டி ஐந்து வருடம் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணத்துக்கும் ஓட வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எவரானாலும், இதே வேலையை இதே மாடலில் செய்து குறைந்தது ஒரு வருடம் ஓடிய வண்டியின் சொந்தக்காரர் ஒருவரிடம் பேசாமல் கொடுக்காதீர்கள். நேற்று மாட்டிய வண்டியைக் காட்டினால் அது சாட்சியில்லை. மூன்று மாதம் என் ஜிப்ஸியும் அந்தப் பட்டறைக்கு விளம்பரமாகத்தான் ஓடியது.

உதிரிப்பாகத்தை நீங்களே நேரில் பார்த்து வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். கழற்றிய கியர் பாக்ஸ் வாங்கினால், மூடி திறந்து பல்லைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புது பேரிங்கில் போலி தாராளமாக உலவுகிறது. டப்பா அசலாகவே இருக்கும், உள்ளே இருப்பது வேறு. எம்ஆர்பியில் பாதி விலை என்றால் சந்தோஷப்படாதீர்கள்.

பில் கட்டாயம். ஜாப் கார்டில் என்ன வேலை, என்ன பாகம், என்ன விகிதம், என்ன ஆயில் என்று எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இலக்கம், தமிழ்நாட்டுப் பட்டறையென்றால் 33-ல் தொடங்கும். போர்டில் போட்டிருக்கும் எண்ணை எண்ணிப் பார்ப்பதில் வெட்கமில்லை. கழற்றிய பழைய பாகம் அத்தனையும் உங்கள் டிக்கியில் வர வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குக் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் கையில் காகிதம் வேண்டும். என்னிடம் இருந்தது பட்டறைக்காரர் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் “65” என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு எந்த ஆணையத்துக்குப் போவது?

வண்டியை எடுக்கும்போது கைகுலுக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு. 40-லிருந்து 80 வரை மெதுவாக ஏற்றுங்கள், பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு உருள விடுங்கள். மிதிக்கும்போது மட்டும் ஊளை, அல்லது விடும்போது மட்டும் ஊளை என்றால் கிரவுன் பினியன் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். எப்போதும் ஒரே உறுமலென்றால் பேரிங். குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது கிராஸ்களை ஒரே வரிசையில் வைக்கவில்லையோ என்று பாருங்கள். கழற்றுமுன் பஞ்ச் அடித்து அடையாளம் வைத்திருந்தால் இது நடக்காது. “புதுசில்லீங்களா, ஓட ஓடச் செட்டாகிரும்” என்பார்கள். ஊளையிடும் பல் ஓட ஓடத் தேயும், செட்டாகாது.

பெரியவர் இரண்டு ஹவுசிங்கையும் ஒரே விகிதத்துக்குக் கோத்து, உடைந்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வேறு கியர் போட்டு, 23 நாள் எடுத்துக்கொண்டார். இரண்டு தடவை போன் செய்து அவசரப்படுத்தினேன். “அவசரம்னா வேற பக்கம் எடுத்துட்டுப் போங்க தம்பி” என்று இரண்டு தடவையும் வைத்துவிட்டார். வண்டியை எடுக்கப் போனபோது, ஒரு பக்கம் சாயம் தடவி ஒற்றி எடுத்த வெள்ளைக் காகிதம் இரண்டைக் கொடுத்தார். முன் ஹவுசிங்குக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பல்லின் நடுவில் நீள்வட்டத் தடம். கீழே டயல் கேஜ் அளவு, தேதி, கையெழுத்து.

“முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திருங்க. தொட்டுப் பாருங்க, ஆறட்டும். மேட்டுல சுமை ஏத்தாதீங்க. எண்ணூறு கிலோமீட்டர் ஆனதும் வாங்க, ஆயில வடிச்சுப் பாத்துட்டு மாத்தலாம். தூள் என்ன வந்திருக்குன்னு பாக்கோணும்.”

நேற்றைய கணக்குப்படி 610 ஆகியிருக்கிறது. கோத்தகிரி நண்பர் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தச் சிமென்ட் ஏற்றத்துக்கு இன்னும் போகவில்லை.